முப்பது ஆண்டுப் பத்திரம்

தூத்துக்குடித் துறைமுகத்தின் ஏழாவது சரக்குத் தளத்துக்கு ஒரு பத்திரம் உண்டு. 1998 ஜூலை 15 என்று தேதியிட்டது. எழுதிக் கொடுத்தது அன்றைய தூத்துக்குடித் துறைமுகப் பொறுப்புக் கழகம். எழுதி வாங்கியது பிஎஸ்ஏ சிகால் டெர்மினல்ஸ். சிங்கப்பூர்த் துறைமுக நிறுவனமும் சென்னையின் சிகாலும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. தளத்தைக் கன்டெய்னர் முனையமாக மாற்ற வேண்டும், கிரேன் நிறுத்த வேண்டும், முப்பது ஆண்டு நடத்திவிட்டுத் துறைமுகத்திடமே திருப்பி ஒப்படைக்க வேண்டும். அதுவரை, கையாளும் ஒவ்வொரு இருபதடிப் பெட்டிக்கும் துறைமுகத்துக்கு ராயல்டி கட்ட வேண்டும். அந்த ராயல்டி ஆண்டுக்கு ஆண்டு ஏறும்.

முப்பது என்ற எண்ணை இரு தரப்பும் பேசி முடிவு செய்ததாக எண்ண வேண்டாம். அரசுத் துறைமுகங்களுக்குள் தனியாரை அழைக்க மத்திய அரசு 1996-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே உச்சவரம்பு முப்பது ஆண்டு என்று இருந்தது. கிரேன், யார்டு, தளத்தை வலுப்படுத்தும் வேலை என்று கடலோரத்தில் போடும் முதல் வட்டியோடு திரும்பி வர அவ்வளவு காலம் வேண்டும் என்பது கணக்கு. இதே ஊரில் லாரிக்காரருக்கும் கிளியரிங் ஏஜென்ட்டுக்கும் ஓராண்டு ஒப்பந்தமே பெரிது. தோணிக்காரர் கொழும்புக்கு ஒரு நடை போய்வரப் பேசுவார். அதோடு கணக்குத் தீரும். அவர்களுக்கு நடுவே முப்பது ஆண்டு என்று முத்திரையிட்ட ஒரு பத்திரம் பிறந்தது.

அது போன வழியைச் சொல்வதற்கு முன் அதன் முன்னோர்களைச் சொல்ல வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் நீண்ட காலக் குத்தகை புதிதல்ல. நிலைத்ததுதான் அரிது. முத்துச் சிப்பி விளையும் பார்கள் மனிதர் எழுதிய காலத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. ஒரு வருடம் சிப்பி குவிந்து கிடக்கும்; அடுத்த பத்து வருடம் வெறும் மணல். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பில் இதற்கு ஏற்ற ஏற்பாடு ஒன்று இருந்தது. முதலில் பார்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். சிப்பி முற்றியிருந்தால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். அன்றன்று எடுத்த சிப்பியில் குளியாளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் அரசுக்கு, அரசின் பங்கு அங்கேயே ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் வாங்குவது திறக்காத சிப்பி. உள்ளே முத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவர் பாடு. யாரும் யாரையும் இருபது வருடத்துக்குக் கட்டிப்போடவில்லை. 1955 முதல் 1961 வரை நடந்த கடைசிக் குளிப்புகள் வரை இந்த முறைதான்.

வளைகுடாவின் எதிர்க்கரையில் இதற்கு நேர்மாறாக ஒரு சோதனை நடந்தது. 1906-இல் இலங்கை அரசு தன் முத்துப் பார்களை லண்டன் முதலீட்டாளர்களின் சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ் என்ற நிறுவனத்துக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். அதற்கு முந்தைய சில ஆண்டுகள் அமோக விளைச்சல். கம்பெனி அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டது. 1907-க்குப் பிறகு பார்கள் வறண்டன. குத்தகைப் பணம் மட்டும் வறளவில்லை. 1912-இல் கம்பெனி கலைப்புக்குப் போனது. பத்திரத்தில் இருபது வருடம். கடல் கொடுத்தது இரண்டு பருவம். அந்தக் கம்பெனிக்கு உயிரியலாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் பிறகு இக்கரைக்கு வந்து சென்னை மாகாண மீன்வளத் துறையில் சேர்ந்து, தூத்துக்குடியின் சங்கையும் முத்தையும் பற்றி விரிவாக எழுதினார். குத்தகை தோற்றதில் நமக்கு நல்ல நூல்கள் கிடைத்தன என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

அதே 1906-இல் இக்கரையில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை, வாடகைக் கப்பல்தான். பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தின் நெருக்குதலுக்குப் பணிந்து கப்பல் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். அதன் பிறகே 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்தன. வ.உ.சி. வக்கீல். ஒப்பந்தம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வாடகை ஒப்பந்தம் ஒன்றின் ஆயுள், எதிராளி அதை எப்போது விட்டு வெளியேறலாம் என்பதில் இருக்கிறது என்பதை இந்தத் துறைமுகம் அன்றைக்கே பார்த்துவிட்டது. 2011-இல் துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தபோது ஏழாவது தளத்தின் பத்திரத்துக்கு வயது ஏறக்குறைய பதின்மூன்று. அதற்குள் அது நோயில் விழுந்திருந்தது.

நோயைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு வேண்டும். தனியார் முனையம் கப்பல் கம்பெனிகளிடம் எவ்வளவு வசூலிக்கலாம் என்பதை முனையமே தீர்மானிக்க முடியாது. 1997-இல் உருவான பெருந்துறைமுகக் கட்டண ஆணையம்தான் சொல்லும். முனையத்தின் செலவைக் கூட்டி, அதன்மேல் நியாயமான லாபம் சேர்த்து, பெட்டிக்கு இவ்வளவு என்று ஆணையம் நிர்ணயிக்கும். துறைமுகத்துக்குக் கட்டும் ராயல்டி இந்தச் செலவில் சேருமா, சேராதா என்பதுதான் கேள்வி. சேரும் என்றால் ஒரு கேடு உண்டு. டெண்டரில் யார் அதிக ராயல்டி சொல்லி ஜெயித்தாலும் அந்தப் பாரம் ஏற்றுமதியாளர் தலையில் விழும், ஜெயித்தவருக்கு நோகாது. எனவே 2003 ஜூலை 29 அன்று மத்திய அரசு, ராயல்டியைச் செலவாகக் காட்டக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்கு முன் டெண்டர் முடிந்தவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. நட்டம் வராத அளவுக்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் டெண்டரில் அடுத்த இடத்தில் இருந்தவர் சொன்ன தொகை வரைதான்.

உதாரணத்துக்கு, ஒரு பெட்டிக்கு 2,000 ரூபாய் வசூல், 600 ரூபாய் ராயல்டி என்று வைத்துக்கொள்வோம். சில வருடத்தில் ராயல்டி பத்திரப்படி 1,200 ஆகிறது. வசூலோ ஆணையத்தின் கையில். அது ஏறவில்லை, ஒருவேளை இறங்குகிறது. கிரேனுக்கு மின்சாரம், ஆட்களுக்குச் சம்பளம், வங்கிக்கு வட்டி எல்லாம் மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். இந்த எண்கள் என் கற்பனை. ஏழாவது தளத்தின் கணக்கேட்டில் இருந்தவை அல்ல. சிக்கலின் வடிவம் மட்டும் இதுதான். ஒரு விளிம்பைப் பத்திரம் மேலே தள்ளியது, மறு விளிம்பை அரசு பிடித்துக்கொண்டது.

இதற்கிடையில் நாட்டின் மற்றத் துறைமுகங்களில் டெண்டர் முறையே மாறியிருந்தது. பெட்டிக்கு இவ்வளவு என்ற ராயல்டி போய், மொத்த வருவாயில் இத்தனை விழுக்காடு என்ற பங்கு முறை வந்தது. வசூல் இறங்கினால் கட்டுவதும் இறங்கும். பிஎஸ்ஏ சிகால் (இனி சிகால்) கேட்டது அதைத்தான். தேசியக் கொள்கையே மாறிவிட்டது, எங்களையும் அந்த முறைக்கு மாற்றுங்கள் என்றது. துறைமுகம் முடியாது என்றது. பத்திரத்தின் பயணம் இங்கே தொடங்குகிறது.

முதல் நிறுத்தம் நடுவர் தீர்ப்பாயம். 2014 பிப்ரவரியில் அது சிகால் பக்கம் நின்றது: ராயல்டி முறையை விடுத்து வருவாய்ப் பங்கு முறைக்கு மாற்றலாம். துறைமுகம் தூத்துக்குடி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. 1996-ஆம் ஆண்டின் நடுவர் சட்டத்தில் 34-ஆவது பிரிவின்படி நடுவர் முடிவை ரத்து செய்யக் கேட்கலாம்; ஆனால் அதற்கான வாசல் மிகக் குறுகல். நடுவர் கணக்கைத் தப்பாகப் போட்டார், சாட்சியைத் தப்பாக எடைபோட்டார் என்பதெல்லாம் போதாது. மாவட்ட நீதிமன்றம் துறைமுகத்தின் மனுவைத் தள்ளியது. துறைமுகம் மதுரைக்குப் போனது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நடுவர் முடிவை ரத்து செய்தது. இப்போது சிகாலின் முறை. அது டெல்லிக்குப் போனது. 2021 ஜூலை 28 அன்று நீதிபதிகள் ஆர்.எஃப். நாரிமன், பி.ஆர். கவாய் அமர்வு சிகாலின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

காரணத்தை நம் வார்த்தையில் சொன்னால் இதுதான். நடுவருக்கு அதிகாரம் வருவதே ஒப்பந்தத்திலிருந்து. அதை அவர் படிக்கலாம், பொருள் சொல்லலாம். புதிதாக எழுத முடியாது. ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாத ஒன்றை அதன் தலையில் கட்டுவது நியாயத்தின் அடிப்படைக்கே விரோதம். வருவாய்ப் பங்குக்குத் துறைமுகம் சம்மதிக்கவில்லை. எனவே அது துறைமுகத்தின் ஒப்பந்தம் அல்ல.

முனையத்தின் மேல் எனக்கு இரக்கம் உண்டு. கட்டணத்தை ஒருவர் கையிலும் ராயல்டியை இன்னொருவர் கையிலும் கொடுத்துவிட்டு முப்பது வருடம் ஓடு என்பது கடுமைதான். ஆனால் 1998-க்கு முன் அந்த டெண்டரில் தோற்றவர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கிறேன். வருவாய்ப் பங்குதான் முறை என்று சொல்லியிருந்தால் அவர்கள் வேறு கணக்குப் போட்டிருக்கலாம். ஜெயித்தவரே வேறாக இருந்திருக்கலாம். பத்து வருடம் கழித்து விலை முறையை மாற்றினால் மாறுவது பத்திரம் மட்டுமல்ல, முடிந்துபோன டெண்டரும்தான். தீர்ப்பு சரி என்றே எனக்குப் படுகிறது.

செலவு ஏறிவிட்டது என்று சொல்லி ஒப்பந்தத்தின் விலையை மாற்றக் கேட்பவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் பழைய பதில் ஒன்று உண்டு. நெய் வழக்கு. ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து கொடுக்க அலோபி பர்ஷாத் நிறுவனம் 1937-இல் அரசோடு ஒப்பந்தம் போட்டது. இரண்டாம் உலகப் போர் வந்தது. நெய்யின் அளவு பல மடங்கு ஏறியது, செலவும் நிலவரமும் தலைகீழாக மாறின. பேசிய கமிஷன் கட்டுப்படியாகவில்லை, சந்தை நிலவரப்படி கூடுதலாகத் தர வேண்டும் என்று வழக்கு நடந்தது. 1960-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. சுமை கூடியதால் மட்டும் ஒப்பந்தம் செத்துப்போகாது. செத்துப்போகாதவரை எழுதிய விலைதான் விலை. போரைவிடப் பெரிய மாறுதல் எது? அதற்கே அசையாத நீதிமன்றம் கட்டணச் சுற்றறிக்கைக்கு அசையும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

காலத்தை நீட்டவோ உள்ளடக்கத்தை மாற்றவோ மாட்டோம் என்ற இந்தக் கறாரைப் பார்த்து, முப்பது வருடம் என்று எழுதினால் முப்பது வருடம் உறுதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அமிர்தசரஸ் காஸ் ஏஜென்சி ஒன்று அப்படித்தான் நினைத்தது. இந்தியன் ஆயிலோடு 1976-இல் சமையல் வாயு விநியோக ஒப்பந்தம். 1983-இல் இந்தியன் ஆயில் முறித்தது. நடுவர் விசாரித்து, முறித்தது தவறு, ஏஜென்சியைத் திரும்பக் கொடுங்கள் என்றார். உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தைப் புரட்டியது. உள்ளே ஒரு விதி: காரணம் எதுவும் சொல்லாமல் முப்பது நாள் முன்னறிவிப்போடு இரு தரப்பில் யாரும் முறித்துக்கொள்ளலாம். அப்படியானால் முறிப்பு தவறாகவே இருக்கட்டும். நட்டம் முப்பது நாள் வருமானம்தான், ஏஜென்சி திரும்பி வராது என்று 1990 இறுதியில் தீர்ப்பு வந்தது. குறிப்பிட்ட நிவாரணச் சட்டமும், முறித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தத்தை நடத்திக்கொடு என்று நீதிமன்றம் கட்டளையிடாது என்கிறது.

தூத்துக்குடியில் ஷிப்பிங் கம்பெனிகளோடு போடப்படும் போக்குவரத்து, பாதுகாப்பு, கிடங்கு ஒப்பந்தங்களை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். முதல் பக்கத்தில் மூன்று ஆண்டு என்று தடித்த எழுத்தில் இருக்கும். அதை நம்பி ஒருவர் கடனில் பத்து டிரெய்லர் வாங்குவார். பதினான்காவது பக்கத்தில் முப்பது நாள் நோட்டீஸ் விதி. வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தின் பார்வையில் அது பெரும்பாலும் முப்பது நாள் ஒப்பந்தம்தான், மாதாமாதம் புதுப்பிக்கப்படுகிறது என்பதைத் தவிர. வங்கியின் இஎம்ஐக்குப் பதினான்காவது பக்கம் தெரியாது. 'தேவைப்பட்டால் நீட்டிக்கலாம்' என்ற வரியும் அப்படியே. அது ஒப்பந்தம் கொடுத்தவரின் விருப்பம். வாங்கியவருக்கு அதனால் உரிமை வராது.

காலமே எழுதாத ஒப்பந்தங்கள் வேறு வகைச் சிக்கல். இவற்றைப் படிக்க இங்கிலாந்து நீதிமன்றங்கள் நூறு வருடத்தில் இரு கோடிக்கும் போய்வந்திருக்கின்றன. 1875-இல் லானெல்லி ரயில்வே அண்ட் டாக் கம்பெனி (அதுவும் ஒரு துறைமுக நிறுவனம்) தன் தண்டவாளத்தில் இன்னொரு ரயில்வே ஓட உரிமை கொடுத்த ஒப்பந்தம் பிரபுக்கள் சபைக்குப் போனது. காலம் எழுதவில்லை, நோட்டீஸ் கொடுத்து முறிக்கலாமா? முடியாது என்றது சபை. முடிவு தேதி இல்லையென்றால் அது நிரந்தரம் என்றே தொடங்க வேண்டும்; முறிக்கலாம் என்பவர்தான் அதை நிறுவ வேண்டும். 1978-இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு மருத்துவமனையின் குடிநீர் வழக்கு வந்தபோது காற்று திசை மாறியிருந்தது. 1929 ஒப்பந்தப்படி மருத்துவமனைக்குத் தினமும் 5,000 காலன் இலவசம், மேலே போனால் 1,000 காலனுக்கு ஏழு பழைய பென்ஸ்; எக்காலத்துக்கும் என்று எழுதியிருந்தது. 1975-இல் ஊருக்கு விலை 45 புதிய பென்ஸ். நீர் நிறுவனம் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்தது. செல்லும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பணத்தின் மதிப்பே கரைந்துபோன உலகத்தில் யாரும் என்றென்றைக்கும் அதே விலைக்குக் கட்டுப்பட நினைத்திருக்க மாட்டார்கள் என்பது தர்க்கம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏழாவது தளம் ஏன் தோற்றது என்பது இன்னும் தெளிவாகிறது. காலத்தை எழுதாமல் விட்ட இடத்தில்தான் நீதிபதிக்கு இரு தரப்பின் நோக்கத்தை ஊகிக்க இடம் கிடைக்கிறது. 1998 பத்திரம் எதையும் விடவில்லை. காலம் இருந்தது, தொகை இருந்தது, ஆண்டுதோறும் அது ஏறும் விதம் இருந்தது. ஊகிக்க ஒன்றும் மிச்சமில்லை. முழுமையாக எழுதப்பட்டதுதான் அதற்கு வினை.

கதையில் ஒரு வேடிக்கையான திருப்பமும் உண்டு. பத்திரம் டெல்லியில் காத்திருந்த நேரத்தில், 2018 ஜனவரியில் மத்திய அமைச்சரவை தனியார் துறைமுகத் திட்டங்களுக்குத் திருத்திய மாதிரி ஒப்பந்தத்தை ஏற்றது. அதில் வருவாய்ப் பங்கு முறை போய்விட்டது. பதிலாக வந்தது ராயல்டி! டன்னுக்கு அல்லது பெட்டிக்கு இவ்வளவு என்ற கட்டணம். அதாவது, சிகால் எந்த முறைக்குப் போகக் கேட்டதோ அதை விட்டு நாடு வெளியேறியது. எதை விட்டு வெளியேறக் கேட்டதோ அதற்குத் திரும்பி வந்தது. ஒரே ஒரு வேறுபாடு: புதிய ராயல்டி மொத்த விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டு ஏறும், இறங்கும். கொள்கை மாறியது என்பதற்காக நீதிமன்றம் 1998 பத்திரத்தைத் திருத்தியிருந்தால், கொள்கை மறுபடி மாறியபோது மறுபடி திருத்தியிருக்க வேண்டும்.

திருத்திய அந்த மாதிரி ஒப்பந்தம், சட்டம் மாறினால் இழப்பீடு என்ற விதியையும் அகலமாக்கியது. கட்டண ஆணையத்தின் உத்தரவுகள், சுற்றுச்சூழல், தொழிலாளர் சட்டங்கள், புதிய வரிகள் எல்லாம் அதில் அடங்கும். ஏழாவது தளம் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கக் காரணமான இடைவெளி இப்போது அச்சடித்த படிவத்திலேயே அடைக்கப்பட்டிருக்கிறது. கட்டண ஆணையத்தின் நாட்களும் முடிந்தன. 2021 நவம்பரில் பெருந்துறைமுக அதிகாரங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், இனி தனியாரோடு கூட்டுச் சேரும் திட்டங்களில் சந்தை நிலவரப்படி முனையமே கட்டணத்தை நிர்ணயிக்கலாம் என்றானது. சிகால் தோற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை.

2024 செப்டம்பர் 16 அன்று அதே துறைமுகத்தின் ஒன்பதாவது தளத்தில் புதிய பன்னாட்டுப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. பதினான்கு மீட்டருக்கு மேல் ஆழம். பெரிய கப்பல் நேராக வந்து நிற்கலாம். அதை நடத்த வந்தவர்களுக்கு 1998 பத்திரத்தைத் தொட்டு எழுதிய 2021 தீர்ப்பு கையில் இருந்தது. அந்தத் தீர்ப்பை இன்று நடுவர் வழக்கு நடத்தும் வக்கீல்கள் சாலை, மின்சாரம், எண்ணெய் என்று எந்தத் தகராறிலும் எடுத்து நீட்டுகிறார்கள். அவர்களில் பலர் தூத்துக்குடியைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.